ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு: பார்த்தவுடன் வாசிக்கவும் பாராமல் வாசிக்கவும் ஒரு முழு வழிகாட்டி

ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவர் தப்பு பண்ணலாம், நிற்கத்தான் கூடாது. ஒரு விரல் பக்கத்துக் கட்டையில் பட்டுவிட்டால், உங்களோடு கூட வாசிக்கிற இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த விரலைச் சரிசெய்ய அரை நொடி நின்றீர்களோ, மொத்தச் சபைக்கும் தெரிந்துவிடும். பாதி வரியில் இருக்கிற ஜனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பாடிக்கொண்டே முன்னால் போய்விடும்.

மேடையில் தனியாக வாசிப்பவர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி நமக்கு அப்படியே பொருந்தாததும் இதனால்தான். அவர்களுக்கு ஓர் உருப்படியைத் தயார் செய்ய மாதக்கணக்கில் நேரம் உண்டு. நமக்குப் பாட்டுப் பட்டியல் சனிக்கிழமை இரவு வரும், ஞாயிறு காலை அதிலும் ஒன்றிரண்டு மாறும். இந்த நிலையில் சைட் ரீடிங் (தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது) ஒரு பாடம், மனப்பாடம் இன்னொரு பாடம் என்று பிரித்து வைத்துக்கொண்டு உழைப்பது வீண் என்பது என் கருத்து. மெட்டும் பாஸும் (அடியில் ஓடும் கீழ்க்குரல்) மனதில் இருக்க வேண்டும், நடுவில் உள்ளதைக் கண் பார்த்து எடுத்துக்கொடுக்க வேண்டும். நமக்கு வேண்டியது இந்தக் கலவைதான். கீழே சொல்வதெல்லாம் அதை நோக்கித்தான் போகிறது.

ஸ்டாஃப் நோட்டேஷன் ஓரளவு தெரியும், மெதுவாகவாவது இரண்டு கையும் சேர்ந்து போகும் என்ற நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள்

பாட்டுப் புத்தகத்தில் இதுவரை வாசிக்காத ஒரு ஞானப்பாட்டைத் திறங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள். போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை, நிற்காமல் முடிவு வரை போங்கள். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே அதைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

தடுக்கிய இடங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். தாளில் இருக்கும் சுரம் எது என்று தெரியாமல் நின்றது ஒன்று. சுரம் தெரிந்தும் கை அந்தக் கட்டையைத் தேடியது இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்து, எண்ணிக்கை தவறியது மூன்றாவது. எந்த வகை அதிகம் என்று தாளிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகை என்றால் அடுத்த பகுதியில் ஆரம்பியுங்கள். இரண்டாவது வகை என்றால் அதற்கடுத்த பகுதியே உங்களுக்குப் போதும். மூன்றாவது வகைக்காரர்கள் ஒரு வாரம் கீபோர்டையே மூடி வைத்துவிட்டு, பாட்டின் தாளத்தை மட்டும் கைதட்டி வாயால் எண்ணிப் பழகினால் நல்ல பலன் தெரியும். தாளம் தவறுவதை விரல் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

சுரத்தின் பெயரைச் சொல்வதை விடுங்கள்

ஒவ்வொரு புள்ளியாகப் பெயர் சொல்லிப் படிப்பது எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி. 'அ', 'ம்', 'மா' என்று கூட்டிக்கொண்டிருக்கும் குழந்தை வாக்கியத்தின் வேகத்தை ஒருநாளும் பிடிக்காது.

மூன்று அடையாளங்களை மட்டும் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே தனிக்கோட்டில் நிற்பது நடு சி. மேல் ஸ்டாஃபில் ட்ரெபிள் க்ளெஃப் சுருண்டு சுற்றும் கோடு, கீழிருந்து இரண்டாவது, ஜி. கீழ் ஸ்டாஃபில் பாஸ் க்ளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வரும் கோடு, கீழிருந்து நான்காவது, எஃப். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான்.

தூரத்தைப் பார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. கோட்டிலிருந்து கோட்டுக்கோ, இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ போனால் அது மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படைத் தூரம். கோட்டிலிருந்து இடைவெளிக்குப் போனால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. ஆக்டேவ் எட்டு என்பதால் அதன் இரு முனைகளில் ஒன்று கோட்டிலும் மற்றது இடைவெளியிலும்தான் இருக்கும். இது கண்ணில் பதிந்துவிட்டால் கார்ட்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தின், வடிவமே பேசத் தொடங்கும். கோடு, கோடு, கோடு என்று மூன்று புள்ளிகள் அடுக்கி நின்றால் அது சாதாரண மூன்று சுரக் கார்ட். கீழ்ச் சுரத்தின் பெயர் தெரிந்தால் போதும், மற்ற இரண்டையும் கை தானே வைத்துவிடும்.

தினம் ஐந்து நிமிடம், ஏதாவது ஒரு பாட்டின் பாஸ் வரியை மட்டும் எடுத்து, பெயர் சொல்லாமல் "மேலே இரண்டு, கீழே நான்கு, அதே இடம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். இரண்டு வாரம் கழித்து வாய் தானாகவே நின்றுவிடும், கண் மட்டும் வேலை செய்யும்.

கையைப் பார்க்காமல் வாசிப்பது

தாளுக்கும் கைக்கும் மாறி மாறிப் பார்ப்பவர் ஒவ்வொரு முறை தலை தூக்கும்போதும் எந்த வரியில் இருந்தோம் என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் நேரம் போகிறது.

கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் பிரிந்து நிற்பது அழகுக்காக அல்ல. கண்ணை மூடிக்கொண்டு இரட்டைக் கூட்டத்தைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அதன் இடப்பக்கத்து வெள்ளைக் கட்டை சி. மூன்று கட்டைக் கூட்டத்தின் இடப்பக்கம் எஃப். இப்படித் தடவியே டி, ஏ, பி ஃப்ளாட் என்று மாறி மாறிப் பிடித்துப் பழகுங்கள். அப்புறம் தெரிந்த பாட்டு ஒன்றை, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு வாசியுங்கள். முதல் நாள் சிரிப்பு வரும்.

பலர் கவனிக்காத ஒன்று, தாள் வைக்கும் ஸ்டாண்டின் உயரம். கண்ணுக்கு நேரே, கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். கீபோர்டுக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சைட் ரீடிங் வராததற்குப் பாதிக் காரணம் கழுத்துதான்.

நான்கு குரலை எப்படிப் படிப்பது

ஞானப்பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலானவை நான்கு குரலில் எழுதப்பட்டவை. மேல் ஸ்டாஃபில் சொப்ரானோவும் ஆல்டோவும், கீழ் ஸ்டாஃபில் டெனரும் பாஸும். சொப்ரானோவுக்கும் டெனருக்கும் காம்பு மேல்நோக்கி, ஆல்டோவுக்கும் பாஸுக்கும் கீழ்நோக்கி. ஒரு பீட்டுக்கு நான்கு புள்ளி என்பதால் புதிதாகப் பார்ப்பவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

நான்கையும் ஒரே நேரத்தில் படிக்க முயலாதீர்கள். சொப்ரானோவையும் பாஸையும் மட்டும் எடுங்கள். வலது கையில் ஒரு சுரம், இடது கையில் ஒரு சுரம், அவ்வளவுதான். இந்த இரண்டு குரல் ஓடிவிட்டால் பாட்டு நின்றுவிடாது. சபைக்கு வேண்டியது மெட்டும் அடித்தளமும், நடுவில் உள்ளது நிரப்பு. இதை ஆல்டோ பாடுபவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு குரல் நிற்காமல் போன பிறகு ஆல்டோவைச் சேருங்கள். அது பெரும்பாலும் சொப்ரானோவுக்குக் கீழே மூன்றாவது அல்லது ஆறாவது சுரத்தில் ஒட்டிக்கொண்டே வரும், நிறைய இடங்களில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். டெனர்தான் தொல்லை. பாஸிலிருந்து விலகி மேலே நிற்கும்போது இடது கை எட்டாது, அப்போது அந்தச் சுரத்தை வலது கைப் பெருவிரலுக்குக் கொடுங்கள். எந்த இடத்தில் கொடுக்கிறோம் என்று பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவைப்பது அவசியம். அடுத்த ஞாயிறு அது ஞாபகம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

நன்றாகப் படிப்பவர்கள் புள்ளிகளைப் பார்ப்பதில்லை, கார்ட்டைப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சுவையான சாட்சி உண்டு. பியானோ ஆசிரியராகவும் ஆபெரா நடத்துநராகவும் இருந்த போரிஸ் கோல்டோவ்ஸ்கியிடம் ஒரு மாணவி பிராம்ஸ் என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 76 என்ற தொகுப்பில் உள்ள இரண்டாவது உருப்படியை வாசித்தார். ஓரிடத்தில் ஜி ஷார்ப் வரவேண்டிய இடத்தில் ஜி நேச்சுரல் வந்தது. தப்பு என்று ஆசிரியர் சொல்ல, மாணவி தாளைக் காட்டினார். அச்சில் அப்படித்தான் இருந்தது, அச்சுப்பிழை! அந்தப் பிழையைச் சொல்லாமல், எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லி, கோல்டோவ்ஸ்கி தேர்ந்த வாசிப்பாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. வரவேண்டிய கார்ட் எது என்று அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது, அதையே வாசித்தார்கள். புள்ளி புள்ளியாகப் படித்தவருக்குத்தான் பிழை தெரிந்தது. நமக்கு இதில் இரண்டு பாடம். கார்ட் ஓட்டம் தெரிந்தால் பாதித் தாளைப் படிக்கவே வேண்டாம். ஆனால் ஊகம் ஊகம்தான், பாட்டில் எதிர்பாராத ஷார்ப் ஒன்று உண்மையாகவே இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவோம். அதனால்தான் அடுத்து வருவது.

வாசிக்கும் முன் ஒரு நிமிடம்

புதுத் தாள் கைக்கு வந்ததும் கட்டையில் கை வைக்காதீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள், இந்த வரிசையில்.

ஸ்கேல் எது? ஷார்ப் இருந்தால் கடைசி ஷார்ப்புக்கு அரைச்சுரம் மேலே மேஜரின் பெயர். ஃப்ளாட் இருந்தால் கடைசிக்கு முந்தைய ஃப்ளாட்டின் பெயரே ஸ்கேல், ஒற்றை ஃப்ளாட் என்றால் எஃப். மேஜரா மைனரா என்று சந்தேகம் வந்தால் பாட்டின் கடைசி பாஸ் சுரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அது சொல்லிவிடும்.

பிறகு தாளக் குறி. கூடவே முதல் பார் முழுசா, இல்லை ஒரு பீட்டோடு தொடங்குகிறதா என்று பாருங்கள். நான்கு பீட் பாட்டு நான்காவது பீட்டில் தொடங்கினால், கடைசி பாரில் மூன்று பீட்தான் இருக்கும். சரணத்துக்குச் சரணம் தாளம் ஒட்டிக்கொள்வது அதனால்தான். இதைப் பார்க்காதவர் கடைசிச் சுரத்தை நான்கு பீட் இழுத்துவிட்டு அடுத்த சரணத்தை ஒரு பீட் தாமதமாகத் தொடங்குவார், சபை ஏற்கெனவே பாட ஆரம்பித்திருக்கும்.

மூன்றாவதாக, நடுவில் தலைகாட்டும் ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் குறிகளை மட்டும் கண்ணால் ஒரு ஓட்டம். இவைதான் மேலே சொன்ன ஊகம் தவறும் இடங்கள். கடைசியாக, பாட்டிலேயே மிகக் கடினமான பார் எது என்று பிடித்து, அதை எந்த வேகத்தில் வாசிக்க முடியுமோ அந்த வேகத்தில் முழுப் பாட்டையும் தொடங்குங்கள். சுலபமான முதல் வரியின் வேகத்தில் தொடங்கி மூன்றாவது வரியில் மாட்டிக்கொள்வது நம் எல்லோருக்கும் பழக்கம்.

தினப் பயிற்சி

பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவது இதற்கு ஈடாகாது.

உங்கள் பாட்டுப் புத்தகமே பெரிய சுரங்கம். ஒரே மாதிரி எழுதப்பட்ட, ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் நூற்றுக்கணக்கான உருப்படிகள் அதில் இருக்கின்றன. சைட் ரீடிங் பழக இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். யாரும் பாடாத பாட்டுகளாகப் பார்த்து எடுங்கள். தினம் மூன்று. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மட்டும் வாசியுங்கள், ஒரு தடவை சொப்ரானோவும் பாஸும், ஒரு தடவை முழுதாக. மூன்றாம் தடவை வேண்டாம். அது நன்றாக வரும்தான், ஆனால் அதற்குள் காது மனப்பாடம் செய்யத் தொடங்கியிருக்கும், கண்ணுக்கு வேலை இருக்காது. நாளைக்கு வேறு மூன்று.

தாள் உங்கள் திறமையைவிட ஒரு படி சுலபமாக இருக்கட்டும். சிரமப்பட்டு வாசிப்பதில் நிற்கும் பழக்கம்தான் வளரும்.

கண் முன்னால் போவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே தாளை மறைத்துவிட்டு, அதன் பிறகு எத்தனை சுரம் சரியாக வருகிறது என்று எண்ணினார். நன்றாகப் படிப்பவர்கள் ஏழு சுரம் வரை போனார்கள், தடுமாறுபவர்கள் மூன்று நான்கோடு நின்றார்கள். அதையே வீட்டில் செய்து பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் ஒரு பாரில் நுழைந்த உடனே அந்தப் பாரை ஓர் அட்டையால் மூடச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் கண் அடுத்த பாருக்குத் தாவும். ஆள் கிடைக்காவிட்டால், நீண்ட சுரம் வரும் இடங்களில் எல்லாம் "இப்போது கண் அடுத்த வரிக்கு" என்று பழக்கிக்கொள்ளுங்கள். ஞானப்பாட்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு நீண்ட சுரம் பெரும்பாலும் இருக்கும். சபை மூச்சு வாங்கும் அந்த இடம்தான் உங்கள் கண்ணுக்கு ஓய்வும் வேலையும்.

கார்ட் தாள் மட்டும் கிடைத்தால்

புதிய ஆராதனைப் பாடல்களுக்கு நோட்டேஷன் கிடைப்பது அபூர்வம். வார்த்தைகளுக்கு மேலே ஜி, சி, டி என்று எழுதிய தாள்தான் வரும். இதையும் சைட் ரீடிங் என்றே நான் கணக்கில் எடுப்பேன். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆலய ஆர்கன் வாசித்தவர்களுக்குப் பாஸ் வரியும் அதன்மேல் சில எண்களும்தான் கொடுத்தார்கள், மீதியைக் கையில் உருவாக்கியது அவர்கள்தான். சுருக்கெழுத்தைப் பார்த்து வாசிப்பது நம் வேலையில் பழைய சமாச்சாரம்.

கார்ட் தாளில் இல்லாத ஒன்று பீட். ஒரு கார்ட் இரண்டு பீட்டா நான்கா என்று தாள் சொல்லாது. பாட்டை ஒரு தடவை கேட்டு, ஒவ்வொரு கார்ட்டுக்குப் பின்னும் பீட் எண்ணிக்கைக்குச் சின்னக் கோடுகள் போடுங்கள்.

அப்புறம், பெயரை அழித்துவிட்டு எண் எழுதுங்கள். ஜி ஸ்கேலில் ஜி என்றால் 1, சி என்றால் 4, டி என்றால் 5, ஈ மைனர் என்றால் 6. 1950-களில் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் நீல் மாத்யூஸ் என்ற பாடகர் தம் குழுவுக்காகத் தொடங்கிய முறை இது, பிறகு அங்கே எல்லா வாத்தியக்காரர்களுக்கும் பொதுவாகிவிட்டது. டோ, ரே, மி என்று பாடும் டோனிக் சோல்ஃபா பழகியவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. டோ எங்கே இருந்தாலும் டோதான் என்பதுதானே அதன் அடிப்படை? எண்ணில் ஒரு தடவை படித்த பாட்டை எந்த ஸ்கேலிலும் வாசிக்கலாம். பாடுபவர் திடீரென்று "கொஞ்சம் இறக்கிப் போடுங்க" என்று கண்ணைக் காட்டும்போது இதன் அருமை தெரியும்.

ஸ்கேலை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஞாயிறு முதல் பாட்டுக்கு இரண்டு ஏற்றிவிட்டு இறக்க மறந்துபோனேன். அடுத்தது எல்லோருக்கும் மனதில் சுருதி நிலைத்துப்போன பழைய பாட்டு. நான் இன்ட்ரோ போட, கூட கிட்டார் வாசித்தவர் தன் கார்ட்டைப் பிடிக்க, இரண்டும் முட்டிக்கொண்டதில் போதகரே திரும்பிப் பார்த்தார். பட்டனைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜி, எஃப், டி, பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் இவற்றிலாவது 1-4-5-6 கையில் இருக்கட்டும்.

மனப்பாடம்: விரலை நம்பாதீர்கள்

அதிக தடவை வாசித்தால் தானாக மனப்பாடம் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகும், விரலுக்கு மட்டும். விரல் ஞாபகம் சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி அடுத்ததை இழுக்கும். முதலிலிருந்து தொடங்கினால் கடைசி வரை ஓடும். நடுவில் அறுந்தால், நடுவிலிருந்து தொடங்க அதற்குத் தெரியாது. ஆலயத்திலோ நடுவிலிருந்து தொடங்குவதுதான் தினப்படி வேலை. "பல்லவியை மட்டும் இன்னொரு முறை" என்பார்கள், கடைசி வரியை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பாடுவார்கள்.

அதனால் மனப்பாடத்தைத் தலையிலிருந்து தொடங்குங்கள், கட்டையிலிருந்து அல்ல. ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1551-ஆம் ஆண்டின் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த, பாட்டுப் புத்தகங்களில் ஓல்ட் ஹண்ட்ரட் என்று பெயர் போட்டிருக்கும் ராகம். தலைப்பில் 8.8.8.8 என்று இருக்கும், நான்கு வரி, வரிக்கு எட்டு அசை. ஸ்கேலின் முதல் சுரத்தை 1 என்று வைத்து, சுரங்களை எண்ணில் எழுதினால் இப்படி:

1 1 7 6 5 1 2 3
3 3 3 2 1 4 3 2
1 2 3 2 1 6 7 1
5 3 1 2 4 3 2 1

முப்பத்திரண்டு சுரம். அப்படியே மனப்பாடம் செய்வது போன் நம்பர் நான்கை மனப்பாடம் செய்வது மாதிரி. இப்போது வரி முடிவுகளை மட்டும் பாருங்கள்: 3, 2, 1, 1. படியில் இறங்கி வீட்டுக்கு வருகிறது. வரித் தொடக்கங்கள்: 1, 3, 1, 5. முதல் வரி 3-ல் முடிகிறது, இரண்டாம் வரி அதே 3-ல் தொடங்கி மூன்று தடவை அங்கேயே தட்டுகிறது. இரண்டாம் வரி முடிவில் உள்ள 2-க்குக் கீழே 5 கார்ட் வரும், பாட்டு பாதி வழியில் நிற்கிற உணர்வைத் தருவது அதுதான். நான்காம் வரி 5 3 1 என்று முதல் கார்ட்டையே மேலிருந்து பிரித்துப் போட்டுவிட்டு இறங்குகிறது. இந்த நான்கைந்து விஷயங்கள் தெரிந்தால் நடுவில் உள்ளவை தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வரியிலிருந்தும் தொடங்கலாம். எந்த ஸ்கேலிலும் வாசிக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி ஒரு துண்டுச் சீட்டு எழுதுங்கள்: வரித் தொடக்கம், வரி முடிவு, அங்கங்கே உள்ள பாஸ் சுரம், ஒரு விசேஷம்.

சீட்டு எழுதிய பிறகு கட்டைக்கு வாருங்கள். கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். அது சரியாக வந்ததும் மூன்றாவதைச் சேர்த்து முடிவு வரை, பிறகு இரண்டாவதைச் சேர்த்து. முன்னாலிருந்து படித்தால் முதல் வரி நூறு தடவை வாசிக்கப்பட்டிருக்கும், கடைசி வரி இருபது. போகப்போகத் தெரியாத இடத்துக்குள் நுழைகிற பயம் வரும். பின்னாலிருந்து படித்தால் போகப்போகத் தெரிந்த இடத்துக்குள் நுழைகிறோம். ஆராதனையில் இன்ட்ரோவுக்குக் கடைசி வரியைத்தானே பல இடங்களில் வாசிக்கிறோம், அதற்கும் உதவும்.

இடது கையை மட்டும் தனியாக, தாள் பாராமல் வாசித்துப் பாருங்கள். வலது கை இல்லாமல் இடது கை திணறினால் பாட்டு இன்னும் தலைக்குள் போகவில்லை என்று அர்த்தம். பாஸ் வாசித்துக்கொண்டே மெட்டை வாயால் பாட முடிந்தால், இனிப் பயமில்லை.

வார்த்தைகளையும் விடாதீர்கள். எந்தச் சொல்லில் கார்ட் மாறுகிறது என்று பாடிப் பார்த்துக் குறியுங்கள். மேடையில் மறந்துபோகும்போது சபை பாடிக்கொண்டிருக்கும் அந்த வார்த்தைதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். நமக்கு மட்டும் இருக்கிற வசதி இது, தனியாக வாசிப்பவருக்குக் கிடையாது.

மறப்பதற்கு முன்பாக, ஆனால் உடனே அல்ல

ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-ல் எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது, மீதி மெதுவாகக் கழல்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது என்பதையும் அவரே காட்டினார். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்த ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பாராமல் ஞாபகப்படுத்திப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது. அவர்கள் சோதித்தது உரைநடைப் பகுதிகளை, ஆனால் கட்டையிலும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது.

நடைமுறையில் இப்படி. திங்களன்று ஒரு புதுப் பாட்டு, சீட்டும் எழுதி, பின்னாலிருந்து வாசித்து முடியுங்கள். செவ்வாய் காலை தாளைத் திறக்காமல் முதலில் முயற்சி செய்யுங்கள். தப்பும் தவறுமாக வரும், வரட்டும். முடித்த பிறகுதான் தாளைத் திறந்து, விட்ட இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். முதலிலேயே தாளைத் திறந்துவிட்டால் அன்றைய பயிற்சி போச்சு. வியாழன் மறுபடி பாராமல். சனிக்கிழமை, கீபோர்டே இல்லாமல், கண்ணை மூடி மனதுக்குள் முழுப் பாட்டையும் வாசியுங்கள். மனதில் மங்கலாக இருக்கும் இடம்தான் நாளைக்கு மேடையில் காலை வாரும். அதை மட்டும் சரிசெய்துவிட்டுப் படுங்கள். பிறகு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை.

எதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் அல்ல. ஆராதனை முறையில் வாராவாரம் வருகிற சிறு பதில்கள், ஆசீர்வாதத்துக்குப் பின் பாடுகிற முடிவு, காணிக்கை எடுக்கும்போது சும்மா ஓடவிடும் இரண்டு மூன்று மெட்டு, சொல்லாமல் கொள்ளாமல் யாராவது தொடங்கிவிடும் பத்து பாட்டு. இவை போதும். மெழுகுவர்த்தி ஆராதனைக்குப் போகும் முன் அன்றைய பாட்டுகளை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் கீபோர்டும் நின்றுவிடும், அது வேறு விஷயம். அன்றைக்கு விளக்கை மட்டும் அணைப்பார்கள், கீபோர்டு உங்கள் பொறுப்பில் இருக்கும்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது வழி தவறினால்

எதை முதலில் கைவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் கைவிடும் வரிசை: முதலில் டெனர், அடுத்து ஆல்டோ, அதற்கடுத்து மெட்டு. ஆம், பாஸுக்கு முன்னால் மெட்டைத்தான் விடுவேன். சபை மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது, அது தொலையாது. ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் சரியான பாஸ் சுரம் விழுந்துகொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாஸ் கிட்டார் வாசிப்பவர் இருந்தால் கதை மாறும். அப்போது இடது கையை எடுத்துவிட்டு, வலது கையில் கார்ட்டை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது.

முழுதாகத் தொலைந்துவிட்டால் தேடிக்கொண்டு தடவாதீர்கள். கையைத் தூக்கிவிட்டு, இந்த வரி முடியும் மூச்சு வரை காத்திருந்து, அடுத்த வரியின் முதல் சுரத்தில் உறுதியாக நுழையுங்கள். வரித் தொடக்கங்களைச் சீட்டில் எழுதி மனப்பாடம் செய்தது இதற்காகத்தான். இதையும் பழக வேண்டும். வீட்டில் போனில் பாட்டை ஓடவிட்டு, வேண்டுமென்றே நடுவில் கையை எடுத்து, அடுத்த வரியில் நுழைந்து பாருங்கள்.

ஆராதனை முடிந்ததும் வயர்களைச் சுருட்டுவதற்கு முன்னால், தாளில் இடறிய பாரைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி போடுங்கள். சுரத்தில் இடறியதா, கட்டையைத் தேடியதா, எண்ணிக்கையா என்று ஓர் எழுத்து. திங்கட்கிழமைப் பயிற்சியை அந்த வட்டத்துக்கு முந்தைய பாரிலிருந்து தொடங்கலாம்.